வெங்காயம் வதங்காத வீடு

மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்விட்டு ஸ்பெஷல் பஸ்ஸில் செஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. முன்னால் நின்றவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாத நெரிசல். யார் பையிலோ ஓர் எலுமிச்சை நசுங்கியது. அந்தப் புழுக்கத்திலும் எனக்கு நாக்கு ஊறியது. ஹைக்கூ என்றால் இதுதானே, பழத்தை வர்ணிக்க வேண்டாம், நசுக்கினால் போதும் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் கையில் பட்டதையெல்லாம் மூன்று வரியாக்கினேன். கோட்டைப் படியின் சூடு, டீயில் படியும் ஆடை, எல்லாமே உடனுக்குடன் வாட்ஸ்அப்பில் என் பள்ளித் தோழிக்குப் போகும். அவள் அம்மா போன வருடம் இறந்துவிட்டார். ஒருநாள் அவளே கேட்டாள்.

"எங்க அம்மா சமையல்கட்ட எழுதிக் குடுடி. முகம் போட்டோல இருக்குது. வாசனதான் கொஞ்சங் கொஞ்சமா மறந்து போவுது."

அன்றைக்கே அனுப்பிவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம்.

இரவு மழை
வெங்காயம் வதங்கும் வாசம்
அம்மா கூப்பிடுகிறாள்

பிறகு போன் செய்தாள்.

"ஏண்டி, எங்க வூட்ல என்னிக்குடி வெங்காயம் வதக்குனாங்க?"

அனுப்பியதைத் திறந்து மறுபடி படித்தேன்.

"அதுவும் ராத்திரில. இது உங்க அம்மாடி. அவங்களுக்கே அனுப்பு." சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அவர்கள் ஜைனர்கள். வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு அடுப்பை அணைத்துவிடுவார்கள். டியூஷனுக்குப் போகும் முன் வெயிலோடு அங்கே எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் அம்மா சமையல் என்றதும் விரல் தானாக வெங்காயத்தைத் தட்டிவிட்டது. சரி, அங்கே உண்மையில் என்ன மணந்தது? பெருங்காயமா, நெய்யா? சாப்பிட்டதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதுதான். அந்த அம்மா பரிமாறும்போதுகூட நிமிர்ந்ததில்லை. அவளாவது மறந்துகொண்டிருக்கிறாள், நான் முகர்ந்தே பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்று தங்கியிருக்கிறது. தண்ணீரில் இருக்கும் சிற்றுயிர்கூடச் சாகக் கூடாதென்று குழாய் வாயில் கட்டிய வெள்ளைத் துணி, அதன் வழியே சத்தமில்லாமல் குடத்துக்குள் இறங்கும் தண்ணீர்.

"அந்தத் துணி இன்னும் இருக்குதாடி?"

"எங்க நைனா தெனம் தொவச்சி கட்றாரு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு போகிறேன். அவள் அம்மா செய்த மாதிரியே அவளைத் தாளிக்கச் சொல்லியிருக்கிறேன். போனைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு அந்த அடுப்பங்கரையில் நிற்க வேண்டும். முதல் வரி அந்தத் தண்ணீர். மற்ற இரண்டையும் அவள் மூக்கு ஒத்துக்கொண்டால்தான் எழுதுவேன்.