பக்கத்துக் காணி வெங்காயம்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதம். பண்டத்தரிப்பில் எங்கள் தோட்டத்தில் வெங்காயம் விளைந்து தாள் சாய்ந்துவிட்டது. மழை வரும் என்று வானொலியில் சொன்னார்கள். நனைந்தால் அழுகிவிடும். மனைவி மகளின் பிரசவத்துக்கு வவுனியா போயிருந்தா. கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை.

தனியே தொடங்கினேன். ஒரு பாத்தி பிடுங்குவேன், பிடிபிடியாகக் கட்டுவேன், கொட்டிலில் கொண்டுபோய்த் தொங்கவிடுவேன். திரும்பி வந்து அடுத்த பாத்தி. இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறி இருக்கவும் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் வெங்காயம் திடீரென்று சிறுத்துவிட்டது. தாளும் பச்சையாக நிமிர்ந்து நின்றது. காலையில் நன்றாகத்தானே இருந்தது? நோயோ, தண்ணீர் போதாதோ? ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பிடுங்கிக்கொண்டே போனேன்.

பின்னால் ஒரு குரல்.

"அண்ணை, என்ரை காணிக்குள்ளை என்ன செய்யிறியள்?"

பக்கத்துத் தோட்டக்காரர்.

"இது என்ரை காணியெல்லோ?" என்றேன்.

"உங்கடை வரம்பு அங்காலை கிடக்கு. உது நான் பிந்தி நட்டது. இரண்டு பாத்தியை முடிச்சுப் போட்டியள்."

சுற்றிப் பார்த்தேன். என் கொட்டில் எந்தப் பக்கம் என்றே ஒரு கணம் தெரியவில்லை. ஏசுவார் என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"கூலி கேட்டால் மட்டும் தரமாட்டன். முதல்லை நிழலிலை இருங்கோ."

"மழை வருகுது."

"வரட்டும். இருங்கோ."

தேத்தண்ணியும் பாணும் தந்தார். பிறகு சொன்னார்: "இப்ப பிடுங்கினால் போதும், கட்டவேண்டாம். அள்ளிக் கொட்டிலுக்கை போடுவம். நாளைக்கு ஆறுதலா இருந்து கட்டலாம். மழை கொட்டிலுக்கை வராது."

அவரும் மனைவியும் என்னோடு இறங்கினார்கள். ஐந்து பாத்திக்கு ஒருமுறை அவர் கையை உதறிவிட்டு நிழலுக்குப் போவார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார். வானம் கறுக்கிறது, இந்த மனிதர் இருக்கச் சொல்கிறாரே என்று எனக்குத் தலை குழம்பியது. ஆனால் கடைசிக் கடகப்பெட்டியை உள்ளே வைத்த பிறகுதான் மழை விழுந்தது.

அவருடைய இரண்டு பாத்திக்கு ஈடாக என் வெங்காயத்தைக் கொடுத்தேன். பாதிதான் எடுத்தார்.

இடைக்கிடை ஆறியிருந்து செய்த வேலை எப்படி நேரத்துக்கு முடிந்தது என்று எனக்கு இன்றும் சரியாக விளங்கவில்லை. ஆனால் பச்சைத் தாளைக் கண்ணால் கண்டும் கை நிற்காத அந்த மத்தியானத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது, அதனால் எவ்வளவு அவசரமென்றாலும் இப்போது நடுவில் கொஞ்சம் ஆறி இருந்துவிடுகிறேன்.