சொல்லாமல் விட்ட தோள்வலி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த போன் வந்தது. திரையில் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒன்பது வருஷமாக அந்த எண்ணிலிருந்து ஒரு அழைப்பும் வந்ததில்லை. அதை அழிக்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை.

"ஏனுங்ணா, நல்லாருக்கீங்களா? ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போங்ணா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"என்னன்னு சொல்லுங்க தம்பி."

"போன்ல வேண்டாங்ணா. நேர்ல வாங்க."

வைத்துவிட்டார். அவர் என்னிடம் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதை ஒருநாள் கேட்டே தீருவார் என்று ஒன்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தவன் நான்.

நான் பதினோரு வருஷம் மேடை மல்யுத்தம் ஆடியவன். பொருட்காட்சி, கல்லூரி விழா, டிவி பதிவு என்று ஊர் ஊராகச் சுற்றிய ஒரு கம்பெனியில் நான்தான் வில்லன். ஒட்டுத் தாடி, கறுப்பு டவுசர், வாயைத் திறந்தால் உறுமல். திருப்பூரில் ஒரு அம்மா என்மேல் செருப்பை வீசினார். அன்று ராத்திரி முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது பீளமேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக நிற்கிறேன். அங்கே வேலை செய்யும் பையன்கள் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, "அதெல்லாம் நடிப்புதானேண்ணா?" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். யார் ஜெயிப்பது என்பதைப் பேசி வைத்திருப்போம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தரையோடு யாரும் பேசி வைக்க முடியாது. விழுந்தால் விழுந்ததுதான், ராஜா.

போன் செய்தவர் எனக்கு எதிராக ஆடிய கதாநாயகன். என்னைவிட நாலு வயது இளையவர். மேடையில் ஒருவரை ஒருவர் கொல்லப் பார்ப்போம், இறங்கியதும் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிடுவோம். நாங்கள் போடும் ஒரு தூக்குக்குத்தான் கூட்டம் காத்திருக்கும். நான் அவரைத் தலைக்கு மேல் தூக்கி, வலது தோளில் தாங்கி, முதுகு மட்டமாகப் படும்படி கீழே போடவேண்டும். பார்ப்பவர்கள் என்னை ராட்சசன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பாதி வேலை அவருடையது. நான் பிடித்ததும் அவராகவே குதித்து மேலே வரவேண்டும். குதித்த பிறகு அவர் கையில் ஒன்றும் கிடையாது. எல்லாம் என் தோளின் பொறுப்பு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நாங்கள் கடைசியாகச் சேர்ந்து ஆடிய அன்று, அந்தத் தோள் சரியில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் பயிற்சியில் அது நழுவி, ஒருவழியாகத் திரும்ப உள்ளே போயிருந்தது. மாத்திரையை விழுங்கிக்கொண்டு யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தேன். சொன்னால் என் தாடியை இன்னொருவனுக்கு ஒட்டி மேடையேற்றிவிடுவார்கள். நான் என் ஊரான கணபதிக்குத் திரும்பி, பழையபடி லேத் பட்டறையில் போய் நிற்கவேண்டும். அந்தப் பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. அன்று அவர் குதித்தார். பாதி உயரத்தில் என் தோள் விட்டுவிட்டது. கழுத்துதான் முதலில் தரையில் பட்டது. கூட்டம் கைதட்டியது. சனியன் பிடித்த கூட்டம், அவர்களுக்கு என்ன தெரியும்! நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் நடிப்பு இல்லை.

"தரை வழுக்கிருச்சு" என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவரிடமும் அதையேதான் சொன்னேன். அவர் பிழைத்தார், எழுந்து நடந்தார். ஆனால் அவருடைய வலது கை விரல்கள் அதற்குப் பிறகு எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை போக முகம் இல்லை. அந்த வருஷமே ஆட்டத்தையும் விட்டுவிட்டேன்.

அவர் வீடு போத்தனூரில். கணபதியிலிருந்து பைக்கில் கிளம்பினேன். காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது, தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். உக்கடத்தில் நிறுத்தி டீ வாங்கினேன், பாதியிலேயே வைத்துவிட்டேன். வழுக்கியது, வழுக்கியது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருஷம் சொன்ன பொய் அன்றைக்கென்று பார்த்து வாயில் நிற்கவே மாட்டேன் என்றது. போத்தனூர் ஸ்டேஷனைத் தாண்டும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் மனைவி கதவைத் திறந்து, "வாங்ணா, எத்தன நாளாச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. உள்ளே தம்பி கழுத்துப் பட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், என் வேலையைப் பற்றி விசாரித்தார். அட, கேட்பதைக் கேட்டுத் தொலையுங்களேன் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. மனைவி காபி போட உள்ளே போன பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"கழுத்துல நரம்பு அழுந்துதுன்னு டாக்டர் சொல்றாருங்ணா. இப்பக் காலும் மரத்துப்போவுது. அடுத்த வாரம் ஆப்பரேசன். ஆன பொறவு ஒரு மாசம் நானா எந்திரிக்கக் கூடாதாமா. கழுத்து அசையாம அப்படியே தூக்கி உக்கார வெக்கோணும். இவளால முடியாதுங்ணா. வேற ஆளுங்க தொட்டா எனக்குப் பயமா இருக்குது. நீங்க வந்து தூக்கி உடறீங்களா?"

இதற்காகவா இத்தனை பயந்தேன்! ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. "அதுக்கென்னங்க, வாரேன்" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் தோள் ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தோளால் இன்றைக்கும் ஒரு தண்ணீர் கேனைத் தூக்கி வைக்க முடியாது. சரி என்று சொன்னால், அதே மனிதரை, அதே கழுத்தோடு, அதே தோளை மறைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் தூக்கப் போகிறேன்.

"தம்பி, என்ர தோளு செரியில்லீங்க" என்றேன். "இப்ப இல்ல. அன்னைக்கே செரியில்ல. தரை வழுக்கல. நான்தான் மறைச்சுப்போட்டேன்."

அவர் முகம் மாறவில்லை. "தெரியுமுங்ணா" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆட்டம் ஆரம்பிக்கறப்ப ரெண்டு பேரும் கழுத்தப் புடிச்சமல்லங்க? அப்பவே உங்க வலது கையில பலமில்லீன்னு தெரிஞ்சுபோச்சு."

"அடப்பாவி! அப்பறம் எதுக்குடா குதிச்சே?" என் வாயில் மரியாதையெல்லாம் போய்விட்டது. வாழ்நாளில் அவரை நான் 'டா' போட்டது அந்த ஒரு தடவைதான்.

"நான் குதிக்காம நின்னுருந்தா கம்பெனிக்காரருக்குத் தெரிஞ்சிருமுங்களே. அடுத்த ஆட்டத்துக்கு உங்களக் கூப்புட மாட்டாங்க. எப்படியும் தாங்கிப்போடுவீங்கன்னு நெனச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவரும் தலையைக் குனிய முயன்றார், கழுத்துப் பட்டை விடவில்லை. அப்போது சமையலறை வாசலில் அவர் மனைவி காபி டம்ளர்களோடு நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"ரெண்டு பேருத்துக்கும் தெரியுமா?" என்றார். "ஒம்பது வருசமா இவருக்குச் சட்டப் பொத்தான் போட்டு உடறேன். சோத்தப் பெசஞ்சு ஊட்டி உட்டுருக்கேன். கால் வழுக்கிருச்சு, நம்ம நேரம் செரியில்லீன்னு நெனச்சுட்டு இருந்தனே. தெரிஞ்சேதான் பண்ணுனீங்களா, ரெண்டு பேரும்?"

"இல்ல அம்மணி, அது வந்து..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க." என் பக்கம் திரும்பினார். "அண்ணா, ஒரே வார்த்தை சொல்லுங்க. இவரத் தூக்க உங்களால முடியுமா, முடியாதா?"

"முடியாதுங்க அம்மணி."

அவர் டம்ளர்களை மேஜைமேல் வைத்தார். குரலை உயர்த்தாமலே கேட்டார். "இந்த ஒரு வார்த்ததானுங்களே. அன்னைக்கு இது உங்க வாயில வரலீங்களா?"

"வரலீங்க" என்றேன்.