ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் போனவர்கள்

என் மகளுக்குத் தலசீமியா, மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய நோய். கணவரின் வேலைக்காகச் சென்னையிலிருந்து வியட்நாமின் சைகோன் நகருக்கு வந்தபோது, வீடு பார்ப்பதற்கு முன்பே ரத்தம் ஏற்றும் மருத்துவமனையைத்தான் விசாரித்தோம். பிறகுதான் பூ மி ஹங் என்ற பகுதியில் குடியேறினோம்.

அந்த மருத்துவமனை வார்டில் என் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். அவனுடைய அம்மா பள்ளி ஆசிரியை, என்னைவிட மூத்தவர். என்னைத் தங்கை என்ற பொருளில் ‘எம்’ என்று கூப்பிடுவார். என் அரைகுறை வியட்நாமிய மொழியைத் திருத்தித் திருத்தியே நெருக்கமானார்.

ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேர்ந்துவிடும். அதை வெளியேற்றத் தரும் மாத்திரை எங்கள் இரண்டு பிள்ளைகளுக்குமே சரியாக வேலை செய்யவில்லை. ஏன் என்று வார்டைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மாவிடம் கேட்டோம்.

“தெரியாதும்மா. இங்க இருக்கிற பிள்ளைங்கள வச்சு யாரும் ஆராய்ச்சி பண்ணல. நான் ரெண்டு தடவை அரசாங்கத்துகிட்ட நிதி கேட்டுப் பார்த்துட்டேன். கிடைக்கல.”

வெளியே வந்ததும் ஆசிரியை சொன்னார்: “அப்ப நாம போய்க் கேப்போம், எம்.”

கணவருக்குப் பயம். “நாம விசாவுல வந்து இருக்கோம். கவர்மென்ட் ஆபீஸ்ல போய் நின்னா ஏதாவது வம்பாயிடப் போகுது.”

“திருடவா போறோம்? பெத்தவங்க கேக்கறோம், அவ்வளவுதான்,” என்றேன். அவர் அதற்குமேல் தடுக்கவில்லை.

சுகாதார அலுவலகத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. தேநீர் கொடுத்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள், இந்த ஆண்டுக்கான நிதி ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனோம். மழைக்காலம் முழுக்க, நனைந்த மழைக்கோட்டை மோட்டார் சைக்கிள் மேல் விரித்துப் போட்டுவிட்டுப் படியேறினோம். மேக்கோங் ஆற்றுப் பக்கத்து ஊர்களிலிருந்து மற்றப் பெற்றோரும் பஸ் பிடித்து வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவழியாக, நிதிக்குழு எங்களைப் பேச அழைத்தது.

குழுவில் ஒருவர் என்னைப் பார்த்து, “நீங்க வெளிநாட்டுக்காரங்க. உங்களுக்கு இதுல என்ன?” என்றார். குரலில் கடுமை இல்லை. நான் வியட்நாமிய மொழியிலேயே பதில் சொன்னேன்:

“என் மக உடம்புல ஓடறது இந்த ஊர்க்காரங்க குடுத்த ரத்தம் ஐயா. எங்க இருந்து வந்தோம்னு பார்த்து அது வேலை செய்யல.”

உச்சரிப்பு தப்பாகத்தான் வந்திருக்கும். ஆசிரியை முதல்முறையாக என்னைத் திருத்தவில்லை.

சில மாதங்களில் நிதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: இந்நாட்டுக் குடிமக்களின் பிள்ளைகளை மட்டுமே ஆய்வில் சேர்க்கலாம். படித்துக்காட்டும்போது டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

வெளியே ஆசிரியை கோபமாக நின்றிருந்தார். “உன் மகள் இல்லாம என் பையனும் வேணாம்.”

“அக்கா, முதல்ல அவனைச் சேருங்க. அப்புறம் ரெண்டு பேரும் போய்ச் சண்டை போடலாம்.”

சண்டை போட்டோம். நிபந்தனை மாறவில்லை. ஆனால் ஆய்வு நடந்தது. ஆய்வில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பலிக்கிறது என்று தெரிந்ததும், டாக்டரம்மா என் மகளுக்கும் அதையே தொடங்கினார். மெல்ல மெல்ல இரும்பு இறங்கியது.

இப்போது அடுத்த கட்ட ஆய்வுக்கு நிதி கேட்கிறோம். அலுவலகக் காவலர் எங்களைப் பார்த்ததுமே கதவைத் திறந்துவிடுகிறார்.