ஜன்னலைச் சாத்த எழுந்தவள்

எங்கள் குடும்பத்துக்குக் கோடை விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. மே மாதம் வந்தால் மற்றவர்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவார்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளை அத்தை வீடு, சித்தப்பா வீடு என்று அனுப்பிவைப்பார்கள். எங்களுக்கு வால்பாறை. அதுவும் எங்கள் திருச்சபையின் வாலிபர் முகாமோடு சேர்த்து. என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வாலிபர் ஐக்கியத்துக்குப் பல வருடங்களாகச் செயலாளர். அறுபது வயதை நெருங்குகிறவர் வாலிபர்களுக்குச் செயலாளராக இருப்பதில் எங்கள் சபையில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. முகாமுக்கு எப்படியும் பஸ் பிடிக்க வேண்டும், சமையலுக்கு ஆள் வேண்டும், கூடவே சொந்தக்காரர்களையும் ஏற்றிக்கொண்டால் இரண்டும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அன்றிலிருந்து பெரியம்மா, சித்தி, அத்தை, அவரவர் பிள்ளைகள் எல்லாரும் வாலிபர்களோடு ஒரே பஸ்.

மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த முகாம் பெரிய கொண்டாட்டம். வீட்டுப் பெரியவர்களிடமிருந்து தப்பித்து, சேர்ந்து பாடி, சிரித்து, தேயிலைக்கு நடுவே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நான் யாரிடமிருந்து தப்பிக்க வேண்டுமோ அவர்கள் எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். நான் யாரோடு பேசினேன், எத்தனை இட்லி சாப்பிட்டேன், ஜெபத்தில் தூங்கினேனா என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும். காலையில் 'தனித்தியானம்' என்று ஒன்று உண்டு. ஆளுக்கொரு மரத்தடியில் போய்த் தனியாக உட்கார வேண்டும். அந்தத் தனிமையையும் பெரியம்மா ஒரு சுற்று வந்து மேற்பார்வை பார்ப்பார். அப்பா மட்டும் ஃபவுண்டரி வேலையைச் சொல்லி வருடா வருடம் கழன்றுகொள்வார். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை.

போகும் வழி ஒரு பாடு. ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் போனில் சிக்னல் போய்விடும், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிரட்டும். எல்லாரையும்விட அம்மாவுக்குத்தான் மோசம். பொள்ளாச்சியிலேயே ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொள்வாள். அதை மூக்கில் வைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, மேலே போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டாள். இறங்கியதும் முகம் கழுவிக்கொண்டு நேராகச் சமையற்கட்டுக்குப் போய்விடுவாள்.

நான் மாட்டிக்கொண்டது மூன்று வருடங்களுக்கு முந்தைய முகாமில். அப்போதுதான் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். எங்கள் ஊரிலேயே, கணபதி என்ற பகுதியில், பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை கிடைத்து, ஜூனில் சேரச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டு, எழுதி, ஆசைப்பட்டு வாங்கிய வேலை. அந்த நினைப்பு இருந்ததால் பெரியம்மாவின் கேள்விகளைக்கூடச் சிரித்துக்கொண்டே சமாளித்தேன்.

கடைசி நாள் மதியம் நிறைவுக் கூட்டம். அதில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்திருக்க, செய்தி கொடுக்க வந்த போதகர் மெல்லிய குரலில் அழைப்பார். வேறு வேலைக்குப் போகாமல் சபையின் முழுநேர ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். யாருக்கும் கூச்சம் இருக்கக்கூடாது என்றுதான் கண்ணை மூடச் சொல்வது. ஆனால் யார் எழுந்தாலும் அவரே மைக்கில் சொல்லிவிடுவார். எழுந்தவர் திரும்ப உட்காரவும் முடியாது. உட்கார்ந்தால், ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டதாக அர்த்தம். அப்படி உட்கார்ந்தவரை எங்கள் சபையில் நான் பார்த்ததில்லை.

அன்று கூட்டம் முடியும் நேரத்தில் மலை மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் பழைய மர ஜன்னல்கள். என் பக்கத்து ஜன்னலின் கொக்கி கழன்று கதவு படபடவென்று அடிக்க, சாரல் என் கழுத்தில் விழுந்தது. கண்ணைத் திறந்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே, தரையில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர், மைக் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் மின்சாரம் போகிறது. சுவர் வழியாகத் தண்ணீர் ஒரு கோடாக அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. போதகர் அந்த மைக்கைத்தான் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். படித்த படிப்பு சும்மா இருக்குமா? ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.

"ஆமென்! இதோ, ஒரு மகள் எழுந்து நிற்கிறாள்" என்றார் போதகர்.

நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் அத்தை பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமா ஓடிவந்து தலையில் கைவைத்தார். பெரியம்மா வாய்விட்டு அழுதார். "ஜன்னலுங்க மாமா, தண்ணி..." என்று நான் சொன்னது அத்தனை ஜெபச் சத்தத்தில் யார் காதில் விழும்? அந்த நேரம் பார்த்து பாக்ஸில் டப்பென்று சத்தம் கேட்டு ஃபியூஸ் போனது. மைக் நின்றது, விளக்குகள் அணைந்தன. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூட்டத்துக்கு அது ஓர் அடையாளமாகிவிட்டது. ஜெபம் இரண்டு மடங்கு உரத்தது. நான் நனைந்துகொண்டு நடுவில் நின்றேன்.

அப்போதே உரக்கச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது யாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். அழுதுகொண்டிருக்கும் இருபது சொந்தக்காரர்களிடம், நீங்கள் அழுவது ஒரு ஜன்னல் கொக்கிக்காக என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். இறங்கும் பஸ்ஸில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எந்த வேதக் கல்லூரி நல்லது என்று மாமா முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பேசினார். குதித்து ஓடலாம் என்றால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். வழக்கமாக வாயே திறக்காத அம்மா, எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டு, அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

எனக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரியாததை அன்று சொன்னாள். "நீ வயித்துல இருக்கறப்ப ஒரு பொருத்தன பண்ணியிருந்தேன் கண்ணு. இது தங்குச்சுன்னா ஊழியத்துக்கே குடுத்தர்றேன்னு. உங்கிட்டச் சொல்லி உன்னைய நெருக்கக் கூடாதுன்னு இத்தன வருசம் வாயத் தொறக்குல. நீயா எந்திரிச்சுட்ட."

அதற்குமேல் நான் எந்த வாயால் ஜன்னலைப் பற்றிப் பேசுவேன்? பிறப்பதற்கு முன்பே என்னை ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள், அது எனக்கு ஒரு பஸ்ஸில், சிக்னல் இல்லாத இடத்தில் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். வேலைக்குச் சேரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலை, அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்கு நான் ஜன்னலச் சாத்தத்தானுங்க எந்திரிச்சேன்."

அம்மாவின் கத்தி நிற்கவில்லை. "தெரியுங் கண்ணு. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்" என்றாள்.

எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் அந்த அழைப்பின்போது அவள் கண்ணை மூடியதே இல்லையாம். நான் எழுகிறேனா என்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். அன்று நான் ஜன்னலைப் பார்த்தது, கீழே பாக்ஸைப் பார்த்தது, எழுந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் எழுந்துவிட்டேனே, அதை ஆண்டவர் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமாவும் பெரியம்மாவும் தெரியாமல் என்னைப் பிடித்துவைத்தார்கள். இவள் தெரிந்தே பிடித்துவைத்தாள். அன்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவை நிறுத்தினார்கள்.

கடைசியில் அப்பா மாமாவிடம் போய்ப் பேசி ஒரு வருடம் வாங்கித் தந்தார். ஒரு வருடம் வேலை பார்க்கட்டும், உலகத்தைத் தெரிந்துகொண்டு ஊழியத்துக்குப் போகட்டும் என்று. அதற்குள் அம்மா சொல்லிப் பொருத்தனை விஷயம் தெரிந்திருந்த மாமாவுக்கும் அது சரியாகப் பட்டது. அடுத்த முகாமின் நிறைவுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கைவைத்து ஜெபித்து அனுப்பிவைப்பது என்று முடிவானது.

அந்த ஒரு வருடத்தை நான் வாழ்ந்ததாகச் சொல்ல முடியாது. கம்பெனியில் இருக்கும் நேரம் மட்டும்தான் என்னுடையது. சோதனைத் தொட்டியில் மோட்டாரை இறக்கி, ஸ்விட்சைப் போட்டு, தண்ணீர் குழாயில் ஏறி வரும் சத்தத்தைக் கேட்கும்போது மற்றதெல்லாம் மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு "எப்பங் கண்ணு காலேஜ்?" என்று கேட்பார்கள். எனக்குப் பதிலாக அம்மா, "அடுத்த மே மாசமுங்க" என்பாள். அவளோடு நான் தேவைக்குமேல் பேசுவதில்லை. கேட்டால் பதில், கொடுத்தால் சாப்பாடு.

ஜனவரி வாக்கில் வீட்டு போர்வெல் மோட்டார் நின்றுவிட்டது. எலெக்ட்ரிஷியன் நாளை, நாளை மறுநாள் என்று இழுத்தடித்தார். நானே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். கண்டன்சர் உப்பிப்போய் இருந்தது. புதிதாக வாங்கிவந்து மாட்டினேன். அந்த மூலையில் வெளிச்சம் போதாது என்று அம்மா போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டனை அழுத்தியதும் மோட்டார் பிடித்தது, மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் என்னை மறந்து சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது.

"இதுல உனக்கு அத்தன சந்தோசமா கண்ணு?" என்றாள்.

"ஆமாங்கம்மா" என்றேன். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மே வந்தது. பெரியம்மா எனக்கென்று மெல்லிய நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை எடுத்து வைத்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு அதே பஸ், அதே வளைவுகள், அதே ஹால். வேலையை விடுவதாகக் கம்பெனியில் இன்னும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. நிறைவுக் கூட்டத்தன்று காலையிலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கி, ஜன்னலை விட்டுத் தள்ளி, ஒரு ஸ்டூல் மேல் வைத்தேன். இந்த முறை கூரையே பிய்த்துக்கொண்டு போனாலும், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை எழுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கூப்பிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

மதியம் மழை வந்தது. அந்த ஜன்னல் கொக்கியை ஒரு வருடமாக யாரும் சரி செய்யவில்லை. கதவு அடிக்கத் தொடங்கியது. போதகர் கண்களை மூடச் சொல்லி, எழுந்து நிற்க அழைத்தார். அடுத்து என் பெயர்தான். ஜமக்காளத்தின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

எனக்குப் பின்னாலிருந்து அம்மா எழுந்தாள். என்னைத் தாண்டிப் போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கொக்கி நிற்காததால் தன் கைக்குட்டையை மடித்துச் சந்தில் செருகினாள். பாக்ஸ் ஸ்டூல்மேல் இருந்ததால் ஜன்னலைச் சாத்த வேண்டிய அவசியமே இல்லை. சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். உட்காரவில்லை.

போதகர் கொஞ்சம் தடுமாறி, இது வாலிபருக்கான அழைப்பம்மா, நீங்கள் உட்காரலாம் என்றார். எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். மாமா எழுந்து, "உக்காரு அம்மணி. பொருத்தன புள்ளையப் பத்தினதாச்சே" என்றார்.

"சொன்ன வாய் என்னோடதுங்கண்ணா. புள்ளகிட்ட ஆரும் கேக்குல. நானே போறனுங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். எழுந்தவரை உட்காரச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லையே. போதகர் கடைசியில் அவள் தலையில்தான் கைவைத்தார். வெள்ளைப் புடவையில் நான் கீழே உட்கார்ந்திருந்தேன். எனக்கு சந்தோஷமாக இருந்தது. அப்படியொரு சந்தோஷத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அனுபவிக்க வேண்டியிருந்தது.

ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணியை எந்த வேதக் கல்லூரியில் சேர்ப்பது? மாமா யோசித்து ஒரு வழி சொன்னார். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளில் சபை நடத்தும் பிள்ளைகள் வகுப்புக்கு மாதத்தில் இரண்டு வார இறுதிகள் போய்வர வேண்டும். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, அந்த நாட்களில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று. நான் செய்கிறேன் என்றேன்.

இப்போதும் போய்க்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை காலையில் நான்தான் ஸ்கூட்டியில் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுகிறேன். கையில் எலுமிச்சம்பழம். மலை அவளுக்கு இன்னும் பழகவில்லை, திரும்பி வரும்போது முகம் வெளிறித்தான் இருக்கும். வீட்டில் நாங்கள் இருவரும் முன்புபோல் பேசிக்கொள்கிறோம். போன மாதம் எனக்குச் சம்பளம் கூட்டினார்கள், முதலில் அவளிடம்தான் சொன்னேன்.

ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து, பஸ் கிளம்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் நின்று கையசைத்துவிட்டுத்தான் கம்பெனிக்குப் போகிறேன். இனிமேல் போக வேண்டாங்கம்மா என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. சொல்லிவிட்டால், அப்புறம் யார் போவது?