மலையில் மாற்றிக்கொண்ட ஷூ

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போதமலையில் நடந்தது இது. எங்கள் வீடு ராசிபுரத்தில். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் மலை கண்ணெதிரே நிற்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு முறைகூட ஏறியதில்லை.

என் கணவர் இளவயதில் நண்பர்களோடு அடிக்கடி ஏறியவர். "மேல ஒரு பாறை இருக்குது. அதுல நின்னா நம்ம ஊடுகூடத் தெரியும். உன்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போறேன்" என்பார். மழை விடட்டும், வெயில் தணியட்டும், மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று அது தள்ளிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு மாடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பாறையில் ஒரு முறையாவது நிற்க வேண்டும் என்ற ஆசை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் என் தங்கையிடம் சொன்னேன். "ஏக்கா, இத்தன நாளா மனசுலயேவா வெச்சிருந்தே? கிளம்பு, நானும் வாரேன்" என்றாள்.

மலைக்கென்றே புது ஷூ வாங்கினேன். கையில் எடுத்தால் எடையே தெரியாது. தடித்த, பஞ்சு மாதிரியான சோல். கடைக்குள் நடந்து பார்த்தபோது மெத்தைமேல் நடப்பதுபோல் சுகமாக இருந்தது. அதற்குமேல் நான் எதையும் பார்க்கவில்லை.

மண் பாதை இருந்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. கல்லும் சரளையும் தொடங்கியதும், வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எப்படியோ அந்தப் பாறைக்குக் கீழே வரை வந்துவிட்டோம். அங்கே கையையும் ஊன்றி ஏற வேண்டிய ஒரு சரிவு. தங்கை முன்னால் ஏறிவிட்டாள். நான் பாதி ஏறியிருப்பேன், கால் வழுக்கியது. வயிறு பாறையில் உரசக் கீழே சறுக்கினேன். பக்கத்தில் பள்ளம். ஏதோ ஒரு செடியின் தூர் கையில் சிக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

எங்களுக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து, தன் தோளை என் காலுக்கு அடியில் கொடுத்தார். "பயப்படாதீங்க, என் தோள் மேலயே மிதிங்க" என்றார். மிதித்துத்தான் இறங்கினேன்.

ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு. சேலத்திலிருந்து கணவரோடு வந்திருந்தார். அந்த மனிதர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். தங்கை இறங்கி வந்து, "போதும்க்கா, திரும்பிடலாம்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்காக வந்தேன் என்பதை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் முழுவதும் சொன்னேன்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என் ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கிக் கையால் முறுக்கிப் பார்த்தார். "பாருங்க, துணி பிழியற மாதிரி முறுக்குது. அடியும் வழவழன்னு இருக்கு. இது ரோட்டுல நடக்கத்தான் ஆகும்" என்றவர், "உங்க கால் என்ன சைஸ்?" என்று கேட்டார். சொன்னேன். உடனே தன் ஷூவைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"போட்டுக்கிட்டுப் போய்ட்டு வாங்க. நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்."

"அப்ப நீங்க மேல போகலைங்களா?"

"நான் இன்னொரு நாள் வந்துக்குவேன். இன்னிக்கு நீங்க போகணும்."

நாடாவை அவரே இழுத்துக் கட்டினார். குதிகால் உள்ளே அசையவே கூடாது, விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் போய்விடும் என்று கட்டிக்கொண்டே சொன்னார். அதுவும் லேசான ஷூதான். ஆனால் சோல் தரையை ஒட்டி அகலமாக, அடியில் பல் பல்லாக ரப்பர். அதே சரிவில் கால் வைத்தேன். வைத்த இடத்தில் நின்றது.

மேலே போனபோது கீழே லேசான பனிமூட்டம். ஏரி தெரிந்தது, சேலம் ரோடு தெரிந்தது. கூரைகள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. தங்கை எங்கெங்கோ கை நீட்டினாள். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. "எங்கிங்க நம்ம ஊடு?" என்று கேட்டுக்கொண்டே, பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிவிட்டேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் இளவயதில் நின்ற இடம் என்று நினைத்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

இறங்கி வந்தபோது அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "நின்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். பாதிப் பழத்தை என் கையில் வைத்தார். இறக்கத்தில்தான் ஆபத்து என்று சொல்லி ஷூவைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். என்னுடையதைப் போட்டுக்கொண்டு, கணவரின் தோளைப் பிடித்தபடி, தடுமாறித் தடுமாறியே அடிவாரம் வரை வந்தார். அங்கே மாற்றிக்கொண்டோம். பைக்கில் ஏறிக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது.

பிறகு சேலத்தில் ஒரு கடையில், அவர் செய்த மாதிரியே முறுக்கிப் பார்த்து, அடியைத் தடவிப் பார்த்து, ஒரு ஷூ வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு சில முறை மலையேறியும்விட்டேன். ஏறும்போதெல்லாம் அந்தச் சரிவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கீழிருந்து வருகிறவர்களைப் பார்ப்பேன். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் சாமான் வாங்கப் போனாலும், கூட்டத்தில் முக்காடிட்ட முகங்களை என் கண் தானாகத் தேடும். இதுவரை அவர் தென்படவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருவருக்காக இப்படி ஏங்க முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நான் நம்பியிருக்க மாட்டேன்.