கடைவாய்ப் பல்லின் உயரம்

பிள்ளைகளா, நீங்கள் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கே யோசனை சொல்கிறீர்கள். போன வாரம் சின்னவள், "இந்தப் பக்கம் குத்துது டாக்டர்" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே சரிசெய்தார். உங்கள் வயதில் எனக்கு அந்த வாய் இருக்கவில்லை. அதனால் ஒரு பல்லே போகப் பார்த்தது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அங்கே பல்வலிக்கு ஒரே வைத்தியம்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் மருந்தையா குறடை எடுப்பார், பல் வெளியே வரும். என் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்ததும் அப்பா அங்கேதான் கிளம்பினார். அம்மாதான் மறித்தார்.

"பால் பல்லா இது, திரும்ப மொளைக்க?"

பதுளையில் நாங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கும் கடை முதலாளியின் மகன் பல் டாக்டருக்குப் படித்துவிட்டு, கடை மாடியிலேயே அறை வைத்திருந்தார். பல்லைப் பிடுங்காமல் அடைப்பார் என்று அம்மா கேள்விப்பட்டிருந்தார்.

மாடிப்படியில் அப்பா என் காதில் சொன்னார்: "டாக்டரய்யா என்னா கேட்டாலும் சரிங்கன்னு சொல்லு. மொகத்த சுளிச்ச, தோல உரிச்சிருவேன்."

விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளையிடம் அப்பா சொல்வதும் அந்த ஒரு சொல்தான். கொட்டும் மழையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகச் சொன்னாலும் சரிங்க. பேர் போடாமல் விட்டு அன்றைய கூலி போனாலும் சரிங்க.

தையல் மெஷினைப் போல் காலால் மிதித்துப் பல்லைக் குடைவார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்னைப் பயமுறுத்தியிருந்தார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. காற்றில் சுழலும் ஒரு சின்ன முனை, தண்ணீரைத் தூவிக்கொண்டே பல்லைக் குடைந்தது. சூடே தெரியவில்லை. அடைக்கும் வெள்ளி மருந்தைக்கூட டாக்டர் குழவியால் அரைக்கவில்லை. ஒரு சிறிய பெட்டியில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். அது தடதடவென்று ஆடிக் கலந்து கொடுத்தது. நான் வலியை மறந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடைத்து முடித்ததும் கடிக்கச் சொன்னார். "எங்கயாவது முட்டுதா தம்பி?"

முட்டியது. பற்களுக்கு நடுவில் கல் மாட்டியது போல் அந்த இடம் மட்டும் முதலில் இடித்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க."

"நல்லாக் கடிச்சுப் பாரு. உசரமா இருந்தா இப்பவே செதுக்கிடலாம்."

"சரிங்க."

அடுத்த நாளிலிருந்து ரொட்டியை மெல்ல முடியவில்லை. கடித்தால் வலி காதுவரை ஏறியது. மறைக்கப் பார்த்தேன், அம்மா கண்டுபிடித்துவிட்டார். டாக்டரிடமே போய்ச் சொல்லலாம் என்றார். அப்பா அரண்டுபோனார்.

"ஏன்டி, அம்புட்டுப் பெரிய மனுசன் செஞ்ச வேலைய கொறை சொல்றதா? பேசாம மருந்தையாகிட்ட புடுங்கிருவோம்."

டாக்டரின் மனம் நோகாமல் இருக்க மகனின் பல் போகலாம் என்பது அப்பாவுக்கு நியாயமாகவே பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

"அந்தக் கொறடு இவன் வாய்க்குள்ள போகட்டும், நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றார் அம்மா.

அப்பா இறங்கி வந்தார். ஆனால் டாக்டரிடம் தான்தான் பேசுவேன் என்றார். அம்மாவும் கூட வர, பதுளை மாடியில் பேசவும் செய்தார்.

"நீங்க அடைச்சது ரொம்ப நல்லா இருக்குங்க. பய பல்லுதான் சரியில்ல. அந்தப் பல்ல மட்டும் எடுத்துட்டீங்கன்னா…"

"அடைச்சத விட்டுட்டுப் பல்ல மட்டும் எடுக்கணுமாண்ணே?"

அப்பாவை ஒரு டாக்டர் அண்ணே என்று கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

வெளிநாட்டுச் சாமான் லேசில் கிடைக்காத காலம் அது. அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து அவருக்கு ஒரு சின்னப் பொட்டலம் வந்திருந்தது. அதிலிருந்து, கடித்தால் முட்டும் இடத்தில் மை ஒட்டும் மெல்லிய நீலத் தாள் ஒன்றை எடுத்து, இடுக்கியால் பிடித்து என் பல்லின்மேல் வைத்துக் கடிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியில் காட்டினார். வெள்ளி அடைப்பின் ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் நீலம் அப்பியிருந்தது.

"நான் அடைச்சதுதாண்ணே உசரம். பல்லு மேல தப்பில்ல."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க" என்று அப்பா அவருக்காக அவரிடமே வாதாடினார்.

டாக்டர் கொஞ்சம் தேய்த்துவிட்டு, "இப்ப எப்படி?" என்றார்.

"சரிங்க."

"ஒன் 'சரிங்க'வ வீட்டுல வச்சுக்க. தாள் சொல்லட்டும்."

தாளோ, 'இல்லை' என்றது. அதே இடத்தில் மறுபடி நீலம். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இன்னும் தேய்த்துக் கடிக்க வைத்ததும், நீலம் எல்லாப் பற்களிலும் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவியது. கல் போய்விட்டது. பல் என்னுடையதாகவே இருந்தது.

"முட்டுதுன்னு சொன்னா எனக்குக் கோவம் வராது தம்பி. நீ சொல்லாட்டி நான் எப்படி அடுத்த ஆளுக்கு நல்லா செய்வேன்?" என்றவர், தாளோடு அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒருக்கா கடிங்கண்ணே, பாப்போம்."

அப்பா தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு தாளுக்கு அப்பா ஏன் பயப்படுகிறார் என்று நினைத்தேன். கடைவாயில் கடிக்க அவருக்கு ஒரு பல்லும் மிச்சமில்லை என்பதும், மருந்தையாவின் குறட்டுக்கு ஒவ்வொன்றையும் சரிங்க என்றே கொடுத்திருந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

பஸ் வளைந்து வளைந்து பசறைக்கு ஏறியது. பாதி வழியில் அப்பா குனிந்து கேட்டார்.

"இன்னும் உசரமா இருக்கா? இருந்தா சொல்லுப்பா. எறங்கித் திரும்பிப் போவோம்."

"இல்லப்பா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். எனக்கு அலுப்பாக இருந்தது. திரும்பிப் போய் ஒரு பெரிய மனிதரிடம் குறை சொல்லத் தயாராக அப்பா அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வயதில் எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. கொட்டுகிற தண்ணீருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "உசரமா இருக்குங்க ஐயா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.