மேஸ் போட்டு உழக்கலாமா?

நான் காலால் பிறந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் கால் வந்ததால் அம்மா பட்ட பாட்டை அம்மா இன்றைக்கும் மறக்கவில்லை. எனக்குக் கோபம் வரும்போதெல்லாம், "பொறக்கும்போதே எட்டி ஒதச்சவதானே" என்று ஒரே வரியில் வாயடைத்துவிடுவாள். ஆனால் அந்தப் பிறப்பால் எனக்கு ஓர் உத்தியோகமும் கிடைத்தது. காலால் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்குப் போய்விடும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. மலைநாட்டிலிருந்து நறுவிலிக்குளத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் அதையும் மூட்டை முடிச்சோடு கட்டிக்கொண்டு வந்திருந்தன. வயல் வரம்பில் கால் இடறியவர்கள், விறகு தூக்கி இடுப்புப் பிடித்தவர்கள் எல்லாரும் எங்கள் வாசலுக்கு வருவார்கள். நான் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்று மிதித்துவிட்டுப் போவேன்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. மிதிக்கிற ஆள் கிழக்கைப் பார்த்து நிற்கவேண்டும், குனிந்து பார்க்கவே கூடாது. பார்த்தால் பலிக்காது. ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். "கேள்வி கேட்டாலும் பலிக்காது" என்றாள்.

எனக்கோ கேள்வி கேட்காமல் இருக்க வராது. குளிக்கும்போது என் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு மச்சம்கூட இல்லை. இரண்டு காலுக்கும் அந்தச் சக்தி இருக்கிறதா, முதலில் வெளியே வந்த காலுக்கு மட்டும்தானா? எந்தக் கால் முதலில் வந்தது என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "அந்த நேரத்துல அதையா பாத்துக்கிட்டு கெடந்தேன்?" என்று அகப்பையைத் தூக்கினாள். இருந்தாலும் வந்தவர்கள் எல்லாரும் மிதித்து முடிந்ததும் எழுந்து, "போயிருச்சு, இப்ப லேசா இருக்கு" என்றார்கள். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. அதனால் காலில் ஏதோ இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கலியாணம் முடித்து மன்னார்த் தீவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். என் காலின் சங்கதியை நான் அவரிடம் சொன்னேன், அவர் தன் அம்மாவிடம், அதுதான் என் மாமியிடம், சொன்னார். மாமிக்கு ஒன்று தெரிந்துவிட்டால் பிறகு கோயில் மணி அடிக்கத் தேவையில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வருவதற்குள் வாசலில் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மலைநாட்டுப் பேச்சை "வாங்க போங்க" என்று நக்கலடித்த அயலவர்கள்கூட காலுக்கு மட்டும் மரியாதை கொடுத்தார்கள். மிதிப்பதை இங்கே உழக்குவது என்பார்கள். மாமி பக்கத்தில் நின்று, "கிழக்கைப் பாத்து உழக்கு, பிள்ளை" என்று மேற்பார்வை செய்வா.

பிறகு ஒருநாள் மன்னார் பஸ் நிலையத்தில், நடுவழியில் நின்ற கழுதைக்கு இடம் விட்டு ஒதுங்கப்போய் என் காலே மடங்கிவிட்டது. உழக்குகிறவளின் காலை யார் உழக்குவது? "இடக்காலால வலக்காலை உழக்கிப் பாரன்" என்றா மாமி. முயன்று பார்த்தேன். சுவரில் மோதியதுதான் மிச்சம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓர் இளம் டொக்டர் கணுக்காலில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்தி, நோகிறதா என்று கேட்டார். நடந்து காட்டச் சொன்னார். நொண்டி நொண்டி நடந்தேன். "சுளுக்குத்தான். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். காலைத் தலையணையில உயத்தி வையுங்கோ, துணியில சுத்தி ஐஸ் வையுங்கோ, பண்டேஜ் கட்டுங்கோ. எலும்பிலயே அழுத்தி நொந்தா, இல்லாட்டி நாலு அடியும் வைக்க ஏலாட்டித்தான் எக்ஸ்ரே எடுக்கவேணும்" என்றார். வீட்டில் மீன் ஐஸுக்கா பஞ்சம்? மீன் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியிலிருந்து அள்ளித் துணியில் கட்டிக் காலில் வைத்தேன். தெருவில் இருந்த பூனை எல்லாம் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. சில நாளில் கால் பழையபடி வந்தது. என் வாழ்க்கையில் நான் கண்ணால் பார்த்த ஒரே சுளுக்குக் கால் என்னுடையதுதான்.

அடுத்த வருடம் சித்திரை வெயிலில் வீட்டுக்காரருக்கும் அது நடந்தது. வள்ளம் கரை தட்டியதும் அவர் வழக்கம்போல் முழங்கால் தண்ணீருக்குள் குதித்திருக்கிறார். கீழே கிடந்த நங்கூரக் கல்லில் கால் பட்டு மடங்கிவிட்டது. இரண்டு பேரின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். "ஒண்டுமில்லை, சுளுக்கு" என்று வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் என் காலுக்குச் செய்ததை எல்லாம் அவர் காலுக்கும் செய்தேன். ஐஸ் வைத்தேன், பண்டேஜ் கட்டினேன், இரண்டு தலையணையை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றும் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில வைச்சிருந்தாங்கள் எண்டா? சோளகம் தொடங்கப் போகுது" என்றார். சோளகக் காற்று எழும்பிவிட்டால் எங்கள் பக்கத்துக் கடல் சின்ன வள்ளத்துக்கு இடம் கொடுக்காது. அதற்கு முன் மிஞ்சியிருந்தது கொஞ்சக் காலம்தான். அதற்குள் கால் சரியாக வேண்டும். காலுக்கு வழி வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது வெளியே ஏன் போகவேண்டும் என்பது அவருடைய நியாயம். "நீ ஒருக்கா உழக்கிவிடு, நாளைக்கே நடப்பன்."

அங்கேதான் சிக்கல். ஊரில் எத்தனை ஆம்பிளைகளின் காலை உழக்கியிருப்பேன், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆனால் பெண்சாதியின் கால் புருசனில் படலாமா? மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. ஒரு பக்கம் மகனுடைய கால், மறுபக்கம் மகனுடைய மானம். நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "புருஷன மிதிக்கப் போறியா? அடி பாவி, பொறந்தப்பவே நெனச்சேன்" என்று அம்மா போனிலேயே ஒப்பாரி வைத்தாள். மாமி அந்தப் போனை வாங்கிப் பேசினா. சம்பந்திகள் இருவரும் அவ்வளவு ஒற்றுமையாகப் பேசியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒருவர் கடற்கரைத் தமிழ், மற்றவர் மலைநாட்டுத் தமிழ், பேசியதெல்லாம் என் கால். அன்று முழுக்க வீட்டில் இதே வழக்குத்தான். படுத்திருந்தவரின் காலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கேட்கவில்லை. இது எப்படித் தீரப்போகிறது என்று பார்க்கும் ஆவல் எனக்கு.

மறுநாள் காலையில் மாமி ஒரு வழியோடு வந்தா. கையில் ஒரு சோடி வெள்ளை மேஸ், என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடக் காலத்தில் சப்பாத்துக்குள் போட்ட காலுறை. அலுமாரியின் அடியிலிருந்து எடுத்திருக்கிறா.

"இதைப் போட்டு உழக்கு. கால் படாது, உழக்கினதாயும் இருக்கும்."

"மேஸுக்குள்ளால பலிக்குமா, மாமி?" என்று கேட்டேன். எனக்கு அது உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிய விசயம்.

மாமி யோசித்தா. "றப்பருக்குள்ளாலதான் கரண்ட் போகாது. இது துணிதானே."

அவரைப் பாயில் படுக்கவைத்து மாமி பண்டேஜைக் கழற்ற, நான் மேஸைப் போட்டுக்கொண்டேன். மாமி தலைமாட்டில் இருந்து அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினா. நான் கிழக்கைப் பார்த்துக் காலைத் தூக்கினேன். சீமெந்துத் தரையில் மேஸ் வழுக்கியது. விழுந்துவிடக் கூடாதே என்று, எங்கே வைப்பது என்று பார்க்கக் குனிந்தேன். உழக்கும்போது வாழ்க்கையில் முதல்முறையாகக் குனிந்தேன்.

அது என் காலைப் போல இல்லை. என் காலில் வீக்கம் ஒரு பக்கத்தில் சின்னதாக இருந்தது. நேற்று நான் பண்டேஜ் கட்டும்போது இதுவும் அப்படித்தான் இருந்தது; இரவுக்குள் கணுக்காலையே காணாமல் விழுங்கி, கத்தரிக்காய் நிறத்தில் விரல்கள்வரை இறங்கியிருந்தது. தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தேன்.

"என்ன, பிள்ளை?" என்றா மாமி.

நான் உட்கார்ந்து, அந்த டொக்டர் செய்தது போல, வெளிப்பக்க எலும்பின் பின்னால் விரலை மெல்ல வைத்து அழுத்தினேன். அவர் சத்தம் போடவில்லை. ஆனால் பாயைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போனது.

"எழும்பி ஒரு அடி வைச்சுக் காட்டுங்கோ."

"நீ உழக்கு, பிறகு நடக்கிறன்."

"இல்லை, முதல்ல நடங்கோ."

சுவரைப் பிடித்து எழும்பினார். கால் தரையில் படும் முன்னே முகம் மாறிவிட்டது. அதற்குமேல் எனக்குப் பார்க்கத் தேவையில்லை. மேஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டோக்காரருக்குப் போன் எடுத்தேன். மாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரெல்லாம் உழக்குவா, கட்டினவனுக்கு மட்டும் பஞ்சி! குனிஞ்சு பாத்துப் பலனையும் கெடுத்துப்போட்டா" என்று ஓட்டோ வரும்வரை திட்டினா. நானும் விடவில்லை. "கெட்டது பலன், மாமி. கால் கெடக் கூடாது" என்றேன். அந்த வீட்டில் அதற்கு முன் நான் மாமியை எதிர்த்துப் பேசியதில்லை. பயமாகத்தான் இருந்தது. சும்மா சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றால் என் கதி என்ன என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரேயில் வெளிப்பக்க எலும்பில் ஒரு கோடு ஓடியிருந்தது. வெடிப்பு. எலும்பு இன்னும் இடம் விலகவில்லை, பத்தர் என்கிற மாவுக்கட்டுப் போட்டால் பொருந்திவிடும் என்றார் டொக்டர். பிறகு அவர் எங்கள் ஊரை அறிந்தவர் போல, "ஆரும் உருவினவையோ, உழக்கினவையோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"நல்ல காலம். பாரம் குடுத்திருந்தா விலகியிருக்கும். பிறகு வெட்டித்தான் பொருத்தவேண்டி வந்திருக்கும்."

மாமி தன் செபமாலையையே பார்த்துக்கொண்டு நின்றா.

பத்தர் காய்வதற்காக ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். மாமி தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தா. நான் அவரிடம், "நான் உழக்கியிருந்தா நீங்கள் கத்தின கத்தலுக்கு ஊரே கூடியிருக்கும்" என்று பகிடியாகச் சொன்னேன்.

"கத்தியிருக்க மாட்டன்" என்றார்.

"ஏன்?"

"அம்மாவுக்கு முன்னால உனக்கு வெக்கமாப் போயிருக்கும். நல்லாப் போச்சுது எண்டுதான் சொல்லியிருப்பன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்பு என்று சந்தோசப்படுவதா, நாலு போடு போடுவதா என்று தெரியவில்லை. அந்த உடைந்த எலும்பின்மேல் நான் முழுப் பாரத்தையும் வைத்து நின்றிருப்பேன், இந்த மனுசன் சிரித்துக்கொண்டு படுத்திருப்பார். நானும் கிழக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அப்போதுதான் மற்ற முகங்களும் ஒவ்வொன்றாக வந்தன. வரம்பில் இடறியவர்கள், விறகு தூக்கியவர்கள், "போயிருச்சு" என்று எழுந்து போனவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே போனது?

சோளகம் அடித்து ஓய்ந்தது, பத்தரும் வெட்டினார்கள். அவர் இப்போது கடலுக்குப் போகிறார். குதிப்பதற்கு முன் தண்ணீருக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்கிறாராம், அவரே சொல்கிறார்.

நான் யாரையும் உழக்குவதில்லை. ஆனால் சொன்னால் நம்பவேண்டுமே. போன கிழமை அயலில் ஒரு அம்மா படியில் கால் மடங்கி வந்திருந்தா. மாமியே கதிரை போட்டு உட்காரவைத்து, "முதல்ல நடந்து காட்டுங்கோ" என்றா. நடந்து காட்டினா, நொண்டினாலும் நடந்தா. நான் முன்னால் குந்திக்கொண்டு சொன்னேன்: "உழக்கமாட்டன், விரலால அழுத்தித்தான் பாக்கப்போறன். நொந்தா நல்லாக் கத்துங்கோ, எனக்கு ஒண்டும் குறைய மாட்டுது."

அந்த அம்மா என் தலையைத் தடவி, முகம் முழுக்கச் சிரித்து, "நோகேல்லை, பிள்ளை, இப்ப நல்ல சுகமாக் கிடக்கு" என்றா.

நான் இன்னும் அவவின் காலைத் தொடவேயில்லை.